வீரம்மா வீட்டுப் பிள்ளை

தவிட்டுக்குப் பிள்ளை வாங்குவது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அன்றைக்கு இன்ஸ்பெக்டர் முழித்த மாதிரி நீங்களும் முழிப்பீர்கள்.

ஒருத்திக்குப் பிள்ளை பிறந்து பிறந்து தங்காமல் போகிறது என்று வையுங்கள். அடுத்தது பிறந்ததும் அதைச் சுளகில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்துவிடுவார்கள். பிள்ளைகுட்டிகள் நோய்நொடி இல்லாமல் வளர்கிற வீட்டுக்காரி ஒருத்தி ஒரு படி தவிட்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்வாள். வாங்கினவள் பெற்றவளிடமே பிள்ளையைத் திருப்பி நீட்டி, "என் பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்த்து வை" என்று சொல்லிவிட்டுப் போவாள். அன்றிலிருந்து பிள்ளை வாங்கினவளுடையது. முடியிறக்கி, காது குத்தி, கோயிலில் வைத்துப் புதுத்துணி கொடுத்துத் திருப்பி வாங்குகிற வரைக்கும் பெற்றவள் அதை என் பிள்ளை என்று வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. முந்தின பிள்ளைகளைக் கொண்டுபோனது எதுவோ, அது எங்கள் வரிசைவீட்டு லயத்துக் கோடியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்குமாம். இதையெல்லாம் நம்புகிறாயா என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்று பிள்ளையைப் புதைத்தவளிடம் போய்க் கேளுங்கள்.

சண்முகவடிவு மூன்றைப் புதைத்தவள். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், தண்ணீர்ப் பீலிக்கு மேலே இருக்கிற லயத்தில் இருந்தாள். புருஷன் அழகுமுத்து கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக்குகிற அந்த வேலையில் அவனுக்குக் கை ஓடுகிற மாதிரி யாருக்கும் ஓடாது. வாய்தான் ஓடாது. நாலாவதாகப் பெண்பிள்ளை பிறந்தபோது சுளகைத் தூக்கிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போனவன் அவன்தான்.

தவிட்டோடு வந்தவள் சுவருக்கு அந்தப்புறம் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வீரம்மா. அவளுக்கு ஏழு பிள்ளைகள். ஏழும் கல்லைத் தின்றாலும் செரிக்கிற ரகம். அவள் புருஷன் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் அணைக்கட்டு வேலைக்குப் போய், மாசத்துக்கு ஒருதரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறவன். ஏழையும் மேய்த்துக்கொண்டு, கொழுந்து எடுக்க மலைக்கும் போய்க்கொண்டு, ஒரு பசுமாட்டையும் வைத்திருந்தாள். லயமே கேட்கிற மாதிரி அவள் குரல்.

"என் மாட்டுக்கு வச்ச தவிடுடி இது. இன்னைக்கு மாடு பட்டினி. இந்தச் சிறுக்கி வளந்து அதுக்கு ஈடு கட்டணும், சொல்லிட்டேன்" என்று சொல்லித்தான் பிள்ளையைத் தூக்கினாள். பெயரும் அவளே வைத்தாள். தவிட்டாயி.

வடிவு அந்தக் கட்டுப்பாட்டை ஒருநாளும் மீறவில்லை. மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும். அந்த வழியாகப் போகிற கீழ்லயத்துக்காரி யாராவது "யாரு புள்ளடி இது?" என்று வேண்டுமென்றே வம்புக்குக் கேட்பாள். வடிவு தலை நிமிராமல், "வீரம்மாக்கா வீட்டுப் புள்ள" என்பாள். உள்ளேயிருந்து வீரம்மா, "ஆமா, நான் பெத்த ஏழும் பத்தாதுன்னு வெல குடுத்து வாங்குனது" என்று கத்துவாள். எல்லாரும் சிரிப்பார்கள். வடிவு மட்டும் சிரிக்க மாட்டாள். பிள்ளைக்கு ஏழு மாசம் ஆகிவிட்டது. மற்ற மூன்றும் அந்த வயசைப் பார்த்ததில்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதம் அது நடந்தது. அந்த மாதத்தில் எங்கள் பக்கத்து மழை நின்று பெய்யாது, விட்டும் போகாது. காலையில் பனிமூடம் இறங்கினால் பக்கத்துச் செடி நிரையில் கொழுந்து எடுக்கிறவள் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். பேச்சுச் சத்தத்தை வைத்துத்தான் யார் எங்கே என்று கணக்கு. தலையில் கறுப்புக் கம்பளி, இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை. பின்னாலிருந்து பார்த்தால் மாமியாரும் மருமகளும் ஒன்றுதான்.

பத்து மணிக்குப் பிள்ளைக்காரிகளைப் பால் கொடுக்க விடுவார்கள். வேலைக்கு வருகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவைக்கிற பிள்ளைக்காம்பரா ரோட்டோரம், மலையிலிருந்து கீழே இறங்க வேண்டும். போய், கொடுத்து, ஏறி வருவதற்குள் கங்காணி கூவத் தொடங்கிவிடுவான். வடிவு கூடையை நிரையில் இறக்கி வைத்துவிட்டு ஓடினாள். உள்ளே ஈர விறகுப் புகை கண்ணைக் கரித்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மீனம்மா அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வடிந்தது. சாக்குத் தொட்டில்களில் வடிவுடையது மட்டும் தொங்கிப்போய் வெறுமையாகக் கிடந்தது.

"ஆயா, எங்க, தொட்டி சும்மா கெடக்கு?"

"அதான் வீரம்மா வந்து தூக்கிட்டுப் போச்சே."

"எப்ப?"

"கொஞ்சம் முன்னத்தான். நான் இந்தப் பக்கம் கிண்டிக்கிட்டு இருந்தேன். கம்பளியோட வந்துச்சு, தூக்குச்சு, போச்சு. அது புள்ளைய அது தூக்குது. நான் என்னா கேக்குறது?"

வேறு யாருடைய பிள்ளையாக இருந்திருந்தாலும் மீனம்மா கேட்டிருப்பாள். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் கம்பளிக்காரி பின்னாலேயே ஓடியிருப்பாள். இந்தப் பிள்ளைக்குத்தான் இரண்டு தாய் ஆயிற்றே. வீரம்மாவின் கடைக்குட்டிக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். அரைப்பேரோடு, பாதிச் சம்பளத்தோடு, வீட்டுக்குப் போனாலும் போவேன் என்று காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் அவள் சொன்னது வடிவு காதில் விழுந்திருந்தது. அன்றைக்கு இரண்டு பேருக்கும் மலையின் வேறு வேறு கோடியில் நிரை, வீரம்மா குரல் வடிவுக்கு எட்டாது. போகிற வழியில் இதையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள் என்று நினைத்தாள். லயத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு மனசு சொன்னது. வாங்கினவள் கொண்டுபோனதை நான் போய்க் கேட்டால் என் பிள்ளை என்று கேட்டதாகிவிடுமே என்று இன்னொரு மனசு சொன்னது. மேலே கங்காணி கூவினான். மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. மழைத்தண்ணீர் ஓடுகிற கானோரத்தில் உட்கார்ந்து பாலைப் பீச்சிவிட்டு மலை ஏறினாள்.

சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடையை இறக்கினபோதுதான் முன்னால் நிறுவைக்கு நிற்கிறவள் வீரம்மா என்று தெரிந்தது. அவள் கூடை முட்ட முட்ட நிறைந்திருந்தது. அரைப்பேரோடு போனவள் கூடை அப்படி இருக்காது.

"அக்கா, புள்ள எங்க?"

"எந்தப் புள்ள?"

"ஒங்க புள்ளதான்."

"ஏழுல எதக் கேக்குற?" என்று வீரம்மா சிரித்துக்கொண்டே திரும்பினாள். வடிவின் முகத்தைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டாள். கொழுந்து மடுவமெல்லாம் சிந்திற்று. கணக்கப்பிள்ளை கத்தினதை யாரும் காதில் வாங்கவில்லை.

அவள் அன்றைக்குப் பிள்ளைக்காம்பராப் பக்கமே போகவில்லை. மலையை விட்டு இறங்கவேயில்லை.

இருட்டுகிற வரைக்கும் தேடினார்கள். மறுநாள் தோட்டத்துத் தொரையே வேலையை நிறுத்தி ஆள் விட்டார். கான் கானாக, நிரை நிரையாக, காட்டோரம் வரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று. ஆற்றில் இறங்கிக் கழியால் குத்திப் பார்த்தாயிற்று. பிள்ளைக்குச் சுற்றியிருந்த துணியில் ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை. அட்டை கடித்து ஆம்பளைகள் கால் எல்லாம் ரத்தம். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போனவர்கள் அதைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

வேலை இல்லாவிட்டால் வாய்க்கு வேலை. லயத்து முன்திண்ணைகளில், இஸ்தோப்பு இஸ்தோப்பாகப் பேச்சு.

"சிறுத்தையா இருக்குமோ?"

"சிறுத்தை கம்பளி போத்திக்கிட்டா வந்துச்சு? போடா."

"அணைக்கட்டுக்குத்தான். மதகு நிக்க மாட்டேங்குதாம். தலச்சன் இல்லாட்டி வெல குடுத்து வாங்குன புள்ளையாவது வேணுமாம். அதுதான் பலிக்கு ஆகுமாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. வீரம்மா புருஷன் எங்க வேல செய்றான்? நான் ஒன்னும் சொல்லலப்பா. யோசிச்சுப் பாருங்க."

அழகுமுத்து கவ்வாத்துக் கத்தியோடு எழுந்து வந்தான். அவன் அவ்வளவு பேசி அன்றைக்குத்தான் கேட்டோம்.

"வாய மூடுங்கடா. அந்தப் பொம்பள கொண்டாந்த தவிட்டுல தங்குன உசுரு அது. இனி ஒருத்தன் அவங்க பேர எடுத்தான், வகுந்துருவேன்."

பேச்சு நின்றது. நின்றது என்றால் அவன் காதுக்கு எட்டாத இடத்துக்குப் போயிற்று, அவ்வளவுதான்.

வடிவு அழவில்லை. அதுதான் பெண்களுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீடு, கட்டிப்பிடித்து அழலாம் என்று வந்தவர்களை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மாவு பிசைந்தாள். ரொட்டி சுட்டாள். "கல்லு மனசுக்காரி" என்று வாசல் தாண்டுவதற்குள் சொன்னார்கள். அழுதால் யாருக்காக அழுகிறாள் என்று லயத்துக் கோடியில் நிற்கிற அதற்குத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழுகை வராமல் இல்லை. அடுப்பூதுகிற சாக்கில் குனிந்தவள் நெடுநேரம் நிமிராமல் இருந்ததை நானே பார்த்தேன். அப்போது நானும் அதே லயத்தில்தான் இருந்தேன்.

இரண்டாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். கூட இரண்டு போலீஸ்கார ராலாமிகள். இன்ஸ்பெக்டர் சிங்களவர், கொஞ்சம் தமிழ் புரியும். மிச்சத்தைத் தோட்டத்துச் சங்கத் தலைவர் செல்லசாமி சிங்களத்தில் சொன்னார். மீனம்மாவை முதலில் கேட்டார்கள். பாவம், அவள் பொய் சொல்கிறவள் இல்லை. பயந்தவள். "வீரம்மான்னு நெனச்சேன்" என்று தொடங்கினவள், "வீரம்மா மாதிரி இருந்துச்சு" என்று நடுவில் வந்து, கடைசியில் "வீரம்மாதான் தூக்குச்சு" என்று முடித்தாள். வேலை போய்விடும், பிள்ளையைத் தொலைத்தவள் என்ற பழி வந்துவிடும் என்று அவளுக்கு நடுக்கம். கங்காணியோ, வீரம்மா மலையில்தான் இருந்தாள், குரல் கேட்டது என்றான். கண்ணால் பார்த்தாயா என்றார் இன்ஸ்பெக்டர். மூடத்தில் எங்கே பார்ப்பது என்றான்.

"இந்தப் பொம்பளை பிள்ளையை விலைக்கு வாங்கினதா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தவிட்டுக்குங்க" என்றார் செல்லசாமி. "ஒரு படி தவிட்டுக்கு. அது சும்மா ஒரு சாங்கியம், மாத்தியா."

இன்ஸ்பெக்டர் செல்லசாமியையும் வீரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மனுஷப் பிள்ளையை ஒரு படி தவிட்டுக்கு விற்கிற ஊரில் எது வேண்டுமானாலும் நடக்கும் என்று அவர் நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: விலை கொடுத்து வாங்கினவள் ஒருத்தி இருக்கிறாள், அவள்தான் தூக்கிப் போனாள் என்று சாட்சியும் இருக்கிறது. பெற்றவளைக் கூப்பிட்டு, "காகே லமயாத?" என்றார். யாருடைய பிள்ளை என்று.

வடிவு தரையைப் பார்த்துக்கொண்டு, "வீரம்மாக்கா வீட்டுப் புள்ளைங்க" என்றாள்.

"அடியே வடிவு!" என்று செல்லசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

வீரம்மாவை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "மாட்டுக்குத் தண்ணி காட்டு. கடக்குட்டிக்குக் காய்ச்ச விடல, கஞ்சி குடு" என்று மட்டும் வடிவிடம் சொன்னாள். பிறகு ஜீப்பிலிருந்து தலையை நீட்டி, "நீ வாயத் தொறக்காத. நான் கெடந்துட்டு வாரேன்" என்றாள்.

ஏழு பிள்ளைகளும் வடிவின் காம்பராவுக்கு வந்தன. அன்றைக்கு அவள் வீட்டில் சுட்ட ரொட்டிக்குக் கணக்கில்லை. பெரியவள் சண்டை விலக்கினாள், நடுவிலவன் மாட்டைப் பிடித்துக் கட்டினான். அழகுமுத்து ஒரு மூலையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக் கொடுத்தான். எல்லாம் தின்று சுருண்டுகொண்டன. கடைக்குட்டி மட்டும் அடங்கவில்லை. ஒன்றரை வயசு, இன்னும் பால் மறக்காதது. காய்ச்சல் வேறு. கஞ்சியைத் தட்டிவிட்டது. "ம்மா ம்மா" என்று கதவைப் பார்த்துக் கதறிற்று. வடிவு தோளில் போட்டுத் தட்டினாள், நடந்தாள், ஆட்டினாள். அந்த அழுகைச் சத்தத்துக்கு அவள் சட்டையெல்லாம் பாலாக நனைந்துவிட்டது. கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதற்குப் பால் கொடுத்தாள்.

அது குடித்துவிட்டுத் தூங்கிற்று. வடிவு அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

"இந்தாருங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள். "நாளைக்கு ஸ்டேசனுக்குப் போறேன்."

"போயி?"

"சொல்லிறப் போறேன்."

அழகுமுத்து துருவுபலகையை விட்டு எழுந்தான். "சொன்னா என்னா ஆகும்னு ஒனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"மூனு போயிருச்சு வடிவு."

"எனக்குத் தெரியாதா? நான்தானே தூக்கிக் குடுத்தேன் மூனையும். நான் அந்த ஒத்த சொல்ல வாய்க்குள்ள வச்சிருக்கிற வரைக்கும் அது எங்கயோ உசுரோட இருக்குன்னு நம்பிக்கிட்டு இருக்கேன். ஆனா இதுங்க ஏழும் வாசலப் பாத்துக்கிட்டு கெடக்குதுங்களே, நான் என்னா செய்ய?"

அவன் கடைக்குட்டியின் மேல் போர்வையை இழுத்துவிட்டான்.

காலையில் செல்லசாமி கூட்டிக்கொண்டு போனார். ஸ்டேசனில் இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். வாங்கினது நிஜமென்றால் அந்தப் பொம்பளை பிள்ளையை வேறு எங்கோ கைமாற்றியிருக்கிறாள், அவளை விட முடியாது. சும்மா சாங்கியம்தான் என்றால் பெற்றவள் வாயால் சொல்லட்டும், நான் வேறு பக்கம் தேடுகிறேன் என்றார். செல்லசாமி அதைத் தமிழில் சொன்னார். வடிவுக்கு அது முன்னாலேயே தெரியும்.

"காகே லமயாத?"

வடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வெளியே பஸ் ஹார்ன் அடித்தது. செல்லசாமி, "சொல்லும்மா" என்றார். அவள் முந்தானையை எடுத்தாள்.

"என் புள்ளைங்க."

குரல் எழும்பவில்லை. இன்ஸ்பெக்டர் காதில் கை வைத்துக் காட்டினார்.

"என் புள்ள! நான் பெத்த புள்ள! வேற யாரு புள்ளயும் இல்ல, என் வயித்துல பொறந்த புள்ள!"

அதற்குப் பிறகு அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஸ்டேசன் வாசலுக்கு வந்து, மண்ணில் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மூன்று நாள் அழுகை. பஸாரில் கடைக்காரர்கள் படியை விட்டு இறங்கி வந்து பார்த்தார்கள். சிங்களப் பெண்கள் இரண்டு பேர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மத்தியானம் வீரம்மாவை விட்டார்கள். அவள் வெளியே வந்ததும் வடிவின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஏண்டி சொன்ன? நான் கெடந்துட்டு வாரேன்னு சொன்னேனே! ஏண்டி பாவி சொன்ன?"

"ஏழு இருக்கேக்கா ஒனக்கு."

"ஏழு இருக்கிறதுனாலதானடி நான் அத வாங்குனேன்!"

பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து அழுதார்கள். செல்லசாமி கடைசி பஸ்ஸைக் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு, தானும் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் சொன்னபடி தேடினார், அதில் குறையில்லை. அணைக்கட்டுப் பக்கம் போய் விசாரித்தார். கூடாரம் போட்டிருந்த பாம்பாட்டிகளைக் கிளறினார். தோட்டத்தை விட்டுப் புதிதாகப் போனவர்கள் வீடெல்லாம் போய்ப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த வருஷம் அவருக்கு மாற்றலாகிப் போயிற்று. அதற்குப் பிறகு கேட்பாரில்லை. கம்பளிக்காரி யார் என்பது இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

மீனம்மா பிள்ளைக்காம்பராவை விட்டுவிட்டுக் கொழுந்துக்கே திரும்பிவிட்டாள். வீரம்மா வீட்டு வாசலில் வந்து நின்று, "என்னைய ரெண்டு அடி அடிச்சிருடி" என்றாளாம். வீரம்மா தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். அழகுமுத்து தலவாக்கலைப் பக்கம் வேறு தோட்டம் பார்த்தான். அங்கே அவன் கைக்கு நல்ல மதிப்பு. வடிவு வர மாட்டேன் என்றாள்.

"இங்க என்னா இருக்கு ஒனக்கு?"

"புள்ள வந்து தேடுனா?"

"ஏழு மாசத்துப் புள்ளைக்கு வழி தெரியுமாடி? பைத்தியமா ஒனக்கு?"

"ஏழு மாசமாவேவா இருக்கும்?" என்றாள். தலவாக்கலைக்குப் போகிற பேச்சு அதோடு விட்டது.

அடுத்து ஒரு பையன் பிறந்தான். வீரம்மா தவிட்டோடு வந்து வாசலில் நின்றபோது வடிவு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கந்தப்பன் என்று சாமி பெயர் வைத்தாள். யாருக்கும் விற்காமலே அவன் கல்லுக்குண்டு மாதிரி வளர்ந்தான். இதற்கு என்ன நியாயம் சொல்வீர்கள்? எனக்குத் தெரியவில்லை. வடிவு இரண்டு வருஷத்துக்கு அவன் தூங்கும்போதெல்லாம் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அறுபத்து மூன்றில் செல்லசாமி ஒரு சேதி கொண்டுவந்தார். அவருடைய மச்சினனுக்கு ரயில் ரோட்டில் வேலை. பட்டிப்பொலயில் அவனோடு வேலை செய்கிற மாயாண்டி என்பவனுக்கு வெகுகாலம் பிள்ளை இல்லையாம். ஐம்பத்து மூன்றில் திடீரென்று ஒரு பெண்பிள்ளை வந்ததாம். எங்கேயோ தோட்டத்திலிருந்து பெண்சாதி கொண்டுவந்தாளாம். இப்போது பத்து வயசிருக்குமாம்.

"நெறம்?" என்றாள் வீரம்மா.

"அதெல்லாம் நான் கேக்கலம்மா. கேட்டத சொல்றேன். ஒருவேள இல்லாமயும் இருக்கும்."

செல்லசாமி போனதும் வீரம்மா நல்ல சீலை எடுத்து வைக்கக் கிளம்பினாள். "எந்திரிடி. காலையில ரயிலு."

"நீ போயிட்டு வாக்கா."

"நானா? பெத்தவ நீ இருக்க, நான் போயி என்னாடி செய்றது?"

"ஒருதரம் என் புள்ளன்னு சொன்னேன். அன்னையோட போச்சு. சொல்லாம இருந்திருந்தா கெடச்சிருக்கும்."

"யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லணுமா? எனக்குத் தெரியும். நான் அங்க வந்து அது மொகத்தப் பாத்தேன்னா வாயி சும்மா இருக்காதுக்கா. கத்திருவேன். மறுபடியும் அதுக்கு ஏதாச்சும் ஆயிரும். நீ வாங்குனவ. நீ இன்னும் திருப்பிக் குடுக்கல. ஒன் புள்ளைய நீ போயி பாரு."

வீரம்மாவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. "நீயும் ஒன் சாங்கியமும்!" என்று கதவை அறைந்துவிட்டுப் போனாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிகிறதற்குள் தலவாக்கலை ஸ்டேசனில் நின்றாள்.

பட்டிப்பொலயில் இறங்கியதும் குளிர் எலும்பில் இறங்கிற்றாம். எங்கள் குளிர் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று என்னிடம் சொன்னாள். தெரிந்த அரைகுறைச் சிங்களத்தை வைத்து விசாரித்து, ரயில் ரோட்டோரம் இருந்த வரிசை வீடுகளைக் கண்டுபிடித்தாள். மாயாண்டி வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண், அவர்கள் போய்ப் பத்துப் பதினைந்து நாளாகிறது, மாற்றலாம், எந்தப் பக்கம் என்று சரியாகத் தெரியாது என்றாள். பிள்ளை? ஆமாம், ஒரு பெண்பிள்ளை இருந்தது. எப்படி இருக்கும்? பிள்ளை மாதிரிதான் இருக்கும், வேறு எப்படி இருக்கும் என்று அவள் சிரித்தாள். வீரம்மா ஜன்னலில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள். வெறும் சிமெந்துத் தரை. திரும்பி வருகிற ரயில் வரைக்கும் ஸ்டேசன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கட்டிக்கொண்டு போன ரொட்டி இறங்கவில்லை.

சாயந்தரம் அவள் மேலே ஏறி வந்தபோது வடிவு பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

"வந்துட்டியாக்கா."

"வந்துட்டேன். வடிவு, இங்க பாரு..."

"சொல்லாத." வடிவு திரும்பவில்லை. "நம்ம புள்ளதான்னு சொல்லாத, ஓடிருவேன். இல்லன்னும் சொல்லிறாத. அந்தப் புள்ள எப்புடி இருக்கு? அத மட்டும் சொல்லு."

வீடு பூட்டிக் கிடந்தது என்று சொல்லத்தான் வீரம்மா ரயில் நெடுக வார்த்தை தேடிக்கொண்டு வந்தாள். வடிவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அது வாயில் வரவில்லை.

"நல்லா இருக்கு" என்றாள்.

"சதப்பிடிப்பா?"

"ம். ஒசரமும் இருக்கு."

"அந்தப் பக்கம் பனி கூடுதலாச்சே. சளி கிளி இருக்கா?"

"ஒன்னும் இல்ல. கழுத்து வரைக்கும் சொட்டரு போட்டு விட்டிருக்காங்க. செவப்புக் கலரு."

"அந்தம்மா நல்ல மாதிரியா?"

"தங்கமான பொம்பள. அதட்டிக்கூடப் பேசல."

வடிவு துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள்.

"பள்ளிக்கொடம் அனுப்புறாங்களா?"

"அனுப்பாம? நான் போயி நின்னப்பத்தான் கெளம்புச்சு. ரெட்டச் சட போட்டு, பொஸ்தகத்த மாருல அணச்சுக்கிட்டு, ரயில் ரோட்டோரமா அது பாட்டுக்கு நடந்து போச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எந்த ஊரிலும் பள்ளிக்கூடம் கிடையாது. சொல்லி முடித்த பிறகுதான் வீரம்மாவுக்கே அது உறைத்தது.

வடிவு கை ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். பீலித் தண்ணீர் கல்லில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு பக்கத்தில் கிடந்த துணிகளை ஒதுக்கி அந்தக் கல்லில் இடம் பண்ணினாள்.

"ஒக்காருக்கா" என்றாள். "அப்புறம்?"